கழுத்துக்குக் கீழே கத்தரித்த படம்

எங்கள் குடும்பத்தில் அப்பப்பாவைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. லண்டனிலோ கனடாவிலோ எந்தக் கலியாண வீட்டில் நாலு பேர் சேர்ந்தாலும், சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றும் நேரத்தில் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். அப்பப்பா இரண்டாம் உலகப்போரில் ஆட்டிலறியில், அதாவது பீரங்கிப் படையில், இருந்தவர், கொக்கோஸ் தீவில் வெள்ளைக்கார அதிகாரிக்கு எதிராகச் சிப்பாய்கள் துவக்கெடுத்தபோது அவரும் கூட நின்றவர், மற்றவர்களைத் தூக்கில் போட்டார்கள், இவர் மயிரிழையில் தப்பினார். எப்படித் தப்பினார் என்பது மட்டும் சொல்பவரைப் பொறுத்து மாறும். ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார் என்பார், இன்னொருவர் வயது குறைவென்று விட்டுவிட்டார்கள் என்பார். சின்ன வயதில் நான் இதைக் கேட்டு வாய் பிளந்திருக்கிறேன். போன வருஷம்தான், சரி, இதை ஒருக்கால் ஒழுங்காகத் தேடிப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

கொக்கோஸ் கலகம் நடந்ததென்னவோ உண்மை. இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் ஏறக்குறைய நடுவில் கிடக்கிற அந்தத் தீவுக் கூட்டத்தில் ஹோர்ஸ்பரோ என்று ஒரு சின்னத் தீவு. அங்கே இரண்டு 6 அங்குலப் பீரங்கிகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள சிலோன் கரிசன் ஆட்டிலறியிலிருந்து ஐம்பது அறுபது பேரை அனுப்பியிருந்தார்கள். பொறுப்பு கப்டன் ஜோர்ஜ் கார்டினர். 1942 மே 8ஆம் திகதி இரவு கிரேஷன் பெர்னாண்டோ என்பவரின் தலைமையில் ஒரு பகுதியினர் கிளம்பினார்கள். அதிகாரிகளைப் பிடிப்பது, பீரங்கியைப் பக்கத்துத் தீவுப் பக்கம் திருப்புவது, தீவை யப்பானியரிடம் கொடுப்பது, இதுதான் திட்டம். பெர்னாண்டோவின் கையிலிருந்த பிரென் துவக்கு நேரம் பார்த்து இறுகிக்கொண்டது. அதே படையைச் சேர்ந்த சிப்பாய் ஒருவர் செத்துப்போனார். விடிவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. இராணுவ நீதிமன்றம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்து, நாலு பேருக்குப் பிறகு குறைத்தார்கள். பெர்னாண்டோ, கார்லோ கௌடர், பெனி டி சில்வா மூவரையும் அந்த ஓகஸ்டில் வெலிக்கடையில் தூக்கிலிட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் கலகக் குற்றத்துக்காகத் தூக்கில் தொங்கிய பொதுநலவாயச் சிப்பாய்கள் இந்த மூன்று பேர்தான். கொக்கோஸ் கலகத்துக்கு இரண்டு மாதம் முந்தி, மார்ச்சில், கிறிஸ்மஸ் தீவிலிருந்த இந்தியப் பீரங்கிக்காரர்கள் தங்கள் பிரித்தானிய அதிகாரியையும் அவருடைய ஆட்களையும் கொன்று, தீவையும் யப்பானியரிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தி கொக்கோஸ்காரர்களின் காதுக்கு எட்டாமலா இருந்திருக்கும்!

சரி, இதற்குள் யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருவன் வந்திருக்க முடியுமா? கரிசன் ஆட்டிலறி பெரும்பாலும் பறங்கியரும் சிங்களவரும் இருந்த படை, தமிழரும் இருந்தார்கள். முடியாது என்று தள்ளிவிட ஏலாது.

என்னிடம் தொடக்கத்தில் இருந்தது ஒரு படமும் ஒரு கல்வெட்டும். படம் எங்கள் சாமியறைக்கு வெளியே எப்போதும் தொங்கிய படம், பிறகு அப்பாவோடு லண்டன் வந்தது. இளவயது அப்பப்பா, எண்ணெய் வைத்து வழித்து வாரின தலை, கழுத்தோடு படம் முடிந்துவிடும். சட்டக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது அப்படி எடுத்த படம் இல்லை. கீழ்ப்பக்க விளிம்பு நேராக இல்லை. கத்தரிக்கோலால் இரண்டு மூன்று வெட்டில் வெட்டியிருக்கிறார்கள். இடது ஓரத்தில் காக்கிக் கொலரின் முனை ஒரு நகத்தளவு தப்பி நிற்கிறது. வலது பக்கம் வேறு யாருடையதோ தோள். கூட்டமாக எடுத்த படத்திலிருந்து ஒரு தலையை மட்டும் பிரித்தெடுத்திருக்கிறார்கள்.

கல்வெட்டு என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கிற சின்னப் புத்தகம். தேவாரம், திருவாசகம், அப்புறம் இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, கடைசியில் புலம்பல் பாட்டு. அப்பப்பாவுடையது 1984இல் அச்சானது. எந்தப் பள்ளிக்கூடம், யாரிடம் தேவாரம் படித்தார், எந்தக் கோயிலின் திருப்பணிச் சபையில் இருந்தார், எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. போர்க்காலத்துக்கு ஒரேயொரு வரி: 'திருகோணமலையில் சில காலம் அரச பணி புரிந்து.' அவ்வளவுதான். தபால்கந்தோரில் முத்திரை விற்றவரைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவார்கள். குடும்பக் கதைகள் தேடுகிற ஆட்களுக்குச் சொல்கிறேன், கல்வெட்டுகளை நம்பலாம், ஆனால் எந்த வருஷம் அச்சடித்தது என்பதை வைத்துக்கொண்டுதான் நம்ப வேண்டும். 1983 ஜூலைக் கலவரத்துக்கு அடுத்த வருஷம் யாழ்ப்பாணத்தில் எந்தக் குடும்பமும் தங்கள் தகப்பன் ஆமியில் இருந்தவர் என்று அச்சிலேற்றாது.

லண்டனில் இருப்பதால் முதலில் கியூ என்ற இடத்தில் இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். வாசகர் அட்டை எடுத்தால் போதும், கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள், நாங்களே படம் எடுத்துக்கொள்ளலாம், காசு இல்லை. தென்கிழக்காசியப் போர்நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. 172 என்ற தொடரில் இருக்கின்றன. நாட்குறிப்பென்றதும் பெரிதாக எதையும் எதிர்பார்க்கக்கூடாது. இன்றைக்குப் பயிற்சி, இன்றைக்கு மழை, இன்ன அதிகாரி லீவில் போனார், இன்ன அதிகாரி வந்தார். அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு, சிப்பாய்கள் எல்லாரும் சேர்த்து 'இதர தரத்தினர்', பக்கத்தில் ஒரு எண்ணிக்கை. பிரித்தானிய இராணுவத்தின் ஆட்களுக்குத் தனித்தனிச் சேவைப் பதிவு இருக்கிறது. உள்ளூரில் சேர்த்த காலனிப் படைகளின் தாள்கள் பெரும்பாலும் அந்தந்த நாட்டிலேயே விடப்பட்டன. போரில் செத்திருந்தால் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டினாலே வந்துவிடும். உயிரோடு திரும்பி வந்து நாற்பது வருஷம் புகையிலைத் தோட்டம் பார்த்தவரைத் தேடுவதுதான் கஷ்டம்.

கொழும்பில் ஒரு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. தெரிந்த ஒருவர் நேரில் போய்க் கேட்டதற்கு, நாற்பத்தொன்பதுக்கு முந்தினது எங்களிடம் இல்லை என்றார்களாம். அதைக் கேட்டு நான் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இலங்கை இராணுவம் முறையாகத் தொடங்கியதே 1949 ஒக்டோபர் 10இல்தான், அதற்கு முந்தியது இலங்கைப் பாதுகாப்புப் படை. போதாததற்கு 1962 சதிமுயற்சியில் பீரங்கிப் படை அதிகாரிகளும் மாட்டுப்பட்டதால் அதன் தொண்டர் பிரிவுகளைக் கலைத்துவிட்டார்கள்.

கடைசியில் தாள் கிடைத்தது மாமியின் வீட்டில். அப்பாவின் அக்கா, இப்போதும் மானிப்பாய்ப் பக்கம்தான் இருக்கிறா. 1995 ஒக்டோபர் 30, வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது மாமி தூக்கிக்கொண்டு போனது ஒரு தகரப்பெட்டி: காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், நகை கொஞ்சம். அந்த உறுதிகளுக்கு நடுவில், ஒரு பழைய வேட்டிக்கரைத் துண்டில் சுற்றி, அப்பப்பாவின் விடுவிப்புச் சான்றிதழ் இருந்திருக்கிறது. மாமி அதையும் ஏதோ காணிப் பத்திரம் என்றுதான் இவ்வளவு காலமும் வைத்திருந்தா. வாட்ஸப்பில் படம் அனுப்பினா. நாலாக மடித்த இடமெல்லாம் பிரிந்து, ஒரு மூலையில் குண்டூசி துருப்பிடித்து வட்டமாகப் பழுப்பு ஏறியிருக்கிறது. சேர்ந்த திகதி 1942 ஜூன். விலகியது 1946. படை, சிலோன் கரிசன் ஆட்டிலறி. விலகும்போது தரம், லான்ஸ் பொம்பார்டியர், சாதாரணச் சிப்பாய்க்கு ஒரு படி மேல். நடத்தை, மிக நன்று. அடையாளம், இடது புருவத்துக்கு மேல் தழும்பு. இடம், திருகோணமலை. அந்தத் தழும்பு கிணற்றுத் துலாவில் அடிபட்டது என்று மாமிக்குத் தெரிந்திருந்தது.

ஜூன். கலகம் நடந்தது மே. அப்பப்பா படையில் சேரும்போது கலகக்காரர்கள் ஏற்கெனவே பிடிபட்டுவிட்டார்கள்.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அந்த ஜூன் என்னை விடவில்லை. அது படையில் சேருகிற காலமே இல்லை! ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, பேர்ள் துறைமுகத்தை அடித்த அதே யப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பல்படை கொழும்பில் குண்டு போட்டது. ஏப்ரல் 9 திருகோணமலை. நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் காலையில் வந்து துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் அடித்தன. அன்றைக்கு எரிந்த சகாயிங் என்ற கப்பலைப் பிறகு துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கடித்தார்கள், அதை 2018இல்தான் கடற்படை மேலே தூக்கியது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றின் மேல் ஒரு விமானம் விழுந்து நாட்கணக்காக எரிந்தது. அன்றைக்கே ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் முந்நூறு பேரோடு மூழ்கியது. சனம் திருகோணமலையை விட்டு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் இந்த மனிதன் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போகிறார், அதுவும் இராணுவத்தில் சேர.

விடை அரிசியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இலங்கை அந்தக் காலத்தில் தின்றது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த அரிசி, அதில் பெரும் பங்கு பர்மா அரிசி. 1942 மார்ச் 8இல் ரங்கூன் விழுந்தது, அரிசிக் கப்பலும் நின்றது. கூப்பன் வந்தது. மரவள்ளிக்கிழங்கும் குரக்கனும் வீட்டுக்கு வீடு பிரதான சாப்பாடானது. அப்பப்பா வீட்டில் எட்டுப் பிள்ளைகள், அவர் மூத்தவர். படைக்குப் போனால் சம்பளம், சாப்பாடு, உடுப்பு, வீட்டுக்கு மாதாமாதம் காசு. யப்பான்காரனை எதிர்க்கவும் இல்லை, ராஜாவுக்கு விசுவாசமும் இல்லை. தம்பிமாரின் வயிறு.

அங்கே அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லப் படம் உதவியது, வெட்டாத படம். அதன் இன்னொரு பிரதி கொழும்பில் அப்பம்மாவின் தங்கையின் பேரப்பிள்ளைகளிடம் இருந்தது. ஒன்பது பேர், அரைக் காற்சட்டை, தோளில் பித்தளையில் சி.ஜி.ஏ. என்ற மூன்று எழுத்து. பின்னால் நிற்பது கரையோரப் பீரங்கி, முன்பக்கம் இரும்புக் கவசம் வைத்தது, 6 அங்குலம். அந்த வகையில் ஒரு குண்டு 45 கிலோ. குண்டை முதலில் உள்ளே தள்ளி இடிக்க வேண்டும், பிறகு வெடிமருந்தைப் பட்டுத்துணிப் பையில் கட்டினதைத் தனியாகச் செருக வேண்டும், பின்கதவைத் திருகிப் பூட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு இலக்கம், இலக்கம் மாறிக் கைவைத்தால் கை இருக்காது. படகு இழுத்துக்கொண்டு போகிற இலக்கைப் பார்த்துச் சுட்டுப் பழகுவார்கள். காதுக்குப் பஞ்சுதான். அப்பப்பாவுக்கு வலது காது கேட்காது, நாங்கள் அவரோடு கதைப்பதென்றால் இடது பக்கம் போய் நிற்போம் என்று அப்பா சொல்லுவார். முதுமை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்களாம். முப்பத்தைந்து வயதிலேயே அப்படித்தான் என்கிறா மாமி.

அந்தப் பீரங்கி எதிரிக் கப்பலைப் பார்த்துச் சுட்டதே இல்லை. சுட்டிருக்க முடியாது. நகுமோவின் கப்பல்கள் நின்றது கடலுக்குள் வெகு தொலைவில், பீரங்கி எட்டுவது பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். ஏப்ரலுக்குப் பிறகு யப்பானியக் கப்பல்படை இந்தப் பக்கம் பெரிதாக வரவும் இல்லை, ஜூன் தொடக்கத்தில் மிட்வேயில் நாலு விமானந்தாங்கிகளை இழந்து அதற்கே மூச்சு முட்டியது. கொக்கோஸுக்குப் பிறகு இலங்கைச் சண்டைப் பிரிவு எதையும் பிரித்தானியர் போர்முனைக்கு அனுப்பவுமில்லை. ஆக அப்பப்பாவின் போர் என்பது நாலு வருஷம் ஒரு இரும்புக்குழாயைத் துடைத்து, எண்ணெய் போட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

திருகோணமலைக்குப் போய்வந்தேன். பிரெட்ரிக் கோட்டைக்குள் இப்போதும் ஆமி இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகிற சனம் அதற்கு நடுவால்தான் நடக்கிறது, புள்ளிமான்கள் கச்சான் விற்கிறவளின் பையில் வாய் வைக்கின்றன. அப்பப்பாவின் காலத்தில் இன்றிருக்கிற கோயில் இல்லை. போர்த்துக்கேயர் இடித்த பிறகு பாறையும் பூசையும் மட்டும்தான். புதைத்து வைத்திருந்த விக்கிரகங்கள் கிணறு தோண்டும்போது வெளியே வந்தது 1950இல். ஒஸ்ரன்பேர்க் முனைப் பீரங்கி மேடைகள் கடற்படைத் தளத்துக்குள். ஹூட்ஸ் கோபுரத்து அருங்காட்சியகத்துக்கு அடையாள அட்டை காட்டி, பதிந்து, போகலாம். என் கடவுச்சீட்டில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததைக் காவலில் நின்ற பொடியன் ஒருதரம் பார்த்தான், அப்புறம் சிரித்து உள்ளே விட்டான். மேலே ஏறினால் துறைமுகம் முழுக்கத் தெரிகிறது. பீரங்கி மேடையின் கொங்கிறீற்றில் வட்டமாகப் போல்ட் துளைகள், சிலவற்றில் மழைத்தண்ணி. வழிகாட்டின கடற்படை இளைஞனிடம், என்னுடைய அப்பப்பா இந்தப் படையில் இருந்தவர் என்றேன். அவன் நம்பவில்லை. தமிழரா, ஆட்டிலறியிலா என்று ஆங்கிலத்தில் இரண்டு தரம் கேட்டான். இலங்கை இராணுவத்தின் முதல் உள்நாட்டுத் தளபதியே அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர்தான், 1955இல், என்றேன். அதையும் அவன் கேள்விப்பட்டிருக்கவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியாது.

கலகக் கதை எங்கிருந்து வந்தது என்பது அங்கிருந்து யாழ்ப்பாணம் போய் மாமியின் வீட்டில் இருந்த மூன்றாம் நாள்தான் வெளியே வந்தது. மாமி முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. நான் சான்றிதழைக் காட்டி, ஜூன் என்றிருக்கே மாமி, அப்ப கொக்கோஸ் எப்படி என்று கேட்டேன். கத்தி நிற்கவே இல்லை.

"அது அம்மா சொன்ன கதை."

"ஏன் சொன்னவ?"

"பொடியள் வந்து கேட்டவங்கள். எண்பத்தாறிலயோ எண்பத்தேழிலயோ. சுவரில உடுப்போட படம் தொங்கினது, ஆர் இது ஆமிக்காரன் எண்டு. அம்மா யோசிக்கவே இல்லை, வெள்ளைக்காரனுக்கு எதிரா கலகம் செய்த மனுசன் தம்பி எண்டா. அவங்கள் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டாங்கள். போன உடன கத்தரிக்கோலை எடுத்தா."

பொடியள் என்றால் இயக்கப் பொடியள். அப்பப்பா அப்போது செத்து இரண்டு மூன்று வருஷம். கொக்கோஸ் விஷயம் அவர் வாயால்தான் அப்பம்மாவுக்குத் தெரிந்திருக்கும், கூட இருந்த சிப்பாய்கள் தங்களுக்குள் கதைத்திருப்பார்கள். அதைச் சரியான நேரத்தில் எடுத்துப் புருஷனுக்குப் போட்டுவிட்டா. பிறகு இந்தியன் ஆமி வீடு சோதிக்க வந்தபோது அலுமாரிக்குள்ளிருந்து அவருடைய போர்ப் பதக்கம் வெளியே வந்திருக்கிறது. ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜின் தலை, மறுபக்கம் இரண்டு தலை டிராகனை மிதிக்கிற சிங்கம். அதே பதக்கம் அந்தப் போரில் நின்ற இந்தியச் சிப்பாய்களுக்கும் கொடுத்ததுதான். வந்த அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன்னுடைய தாத்தாவிடமும் ஒன்று இருக்கிறது என்றாராம். அவருக்குக் கலகக் கதை சொல்லவில்லையா என்று கேட்டேன். "அவங்களுக்கு ஏன்? அவங்களுக்கு ராசாவின்ர பக்கம் நிண்டவர் எண்டு சொன்னது." அப்பம்மா ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவ.

மாமி பிறகு ஒரு விஷயம் சொன்னா. "ஆட்டிலறி எண்டால் எங்களுக்குத் தலைக்கு மேலால கூவிக்கொண்டு போறது. அப்பா அதில இருந்தவர் எண்டு பிள்ளையளுக்கு எப்பிடிச் சொல்லுறது?" சொல்லுவது கஷ்டம்தான். இன்றைய இலங்கைப் பீரங்கிப் படை தன் வரலாற்றை 1888இல் தொடங்கிய சிலோன் ஆட்டிலறித் தொண்டர் படையிலிருந்து எண்ணுகிறது, கரிசன் ஆட்டிலறி அதே பரம்பரையின் நடுவில் வருகிற பெயர். அப்பப்பா எண்ணெய் போட்டுத் துடைத்த படையின் வாரிசுகள்தான் தொண்ணூறுகளில் வலிகாமத்தை நோக்கிச் சுட்டார்கள். மாமியின் வீட்டுக் கிணற்றடிக் கட்டில் அந்தக் குண்டின் துண்டு பட்ட வடு இன்னும் இருக்கிறது. இதை வைத்து அப்பப்பாவில் எந்தக் குற்றமும் காண முடியாது. அவர் விலகிப் பதினைந்து இருபது வருஷத்துக்குப் பிறகுதான் அந்தப் படையில் தமிழருக்கு இடமில்லாமல் போகத் தொடங்கியது. ஆனால் அப்பம்மா ஏன் கத்தரிக்கோலை எடுத்தா என்று யாராவது கேட்டால், பொடியளுக்குப் பயந்து என்ற பதில் பாதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

லண்டன் வந்ததும் குடும்ப மர இணையப் பக்கத்தில் அப்பப்பாவின் பெயருக்குக் கீழே 'கொக்கோஸ் கலகக்காரர்' என்றிருந்ததை எடுத்துவிட்டு, 1942 ஜூன் முதல் 1946 வரை, சிலோன் கரிசன் ஆட்டிலறி, திருகோணமலை, லான்ஸ் பொம்பார்டியர் என்று போட்டேன். சான்றிதழ் படத்தையும் ஒன்பது பேர் படத்தையும் ஏற்றினேன். அடுத்த நாளே ரொறன்ரோவிலிருந்து சித்தப்பாவின் மகன் அழைத்தான். தாள் எல்லாம் சரி அக்கா, ஆனால் அதை மாற்றாதேங்கோ என்றான். ஏனடா என்றேன். அவனுடைய மகள் பள்ளிக்கூடத்தில் நவம்பர் நினைவுநாளுக்குக் கொக்கோஸ் கதையை எழுதி வாசித்து முதற்பரிசும் வாங்கிவிட்டாளாம்.